ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

என் வயதுக்காரர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நம் ஊர் சமுதாயக் கூடத்தில் நிலத்தடி நீர் பற்றிக் கூட்டம் போட்டார்கள். வயசானவர்கள் என்று நம்மையெல்லாம் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செஞ்சியிலிருந்து வந்த இன்ஜினியர் பையன் மைக்கை நம் பக்கம் நீட்டி, அந்தக் காலத்தில் தண்ணீரை எப்படிப் பங்கிட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டான். உங்களில் ஒருத்தர் எழுந்து, "அப்பல்லாம் அண்ணன் தம்பி ஒரே கெணத்துல முற வெச்சி எறச்சோம் தம்பி, ஒரு சண்ட கெடையாது" என்றார். எல்லாரும் தலையாட்டினீர்கள். இன்னொருத்தர், மழை பொய்த்துப் போனதால்தான் கிணறெல்லாம் வற்றியது என்றார். அதற்கும் தலையாட்டினீர்கள். மைக் என்னிடம் வருவதற்குள் டீ வந்துவிட்டது. பேச முடியாததை எழுதுகிறேன்.

சண்டை இருந்தது. மழையும் பெய்தது. நான் சொல்லப்போகும் வருஷம் ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கோடி வழிந்தது. பாவாடையை முட்டிக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அதே வருஷம் பங்குனியில் எங்கள் கிணறு வற்றியது. இதில் மழையை ஏன் இழுக்கிறீர்கள்?

எங்கள் கிணறு அனந்தபுரம் ரோட்டை ஒட்டி இருந்தது. மேலே பாதி மண், கீழே பாதி பாறை. செஞ்சி மலையில் தலைக்கு மேலே நிற்கிற அதே பாறைதான் நம் நிலத்துக்கு அடியிலும் கிடக்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. தாத்தா அதை வெடி வைத்து உடைத்துத் தண்ணீர் கண்டவர். கடைசி வெடிக்குப் பிறகு, வெட்டுக்காரர்களை விட்டு வடக்குப் பக்கப் பாறையில் ஒரு சிலுவை செதுக்கச் சொன்னாராம். நாங்கள் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம் என்பதால் அதைப் பக்தி என்றுதான் ஊர் நினைத்தது. உண்மையில் அது அளவு. சிலுவைக்கு மேலே நிற்கிற தண்ணீர் பயிருக்கு. கீழே நிற்பது மாட்டுக்கும் மனிதர்க்கும். மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் குழாய் சிலுவையைத் தாண்டக் கூடாது. "கோடு போட்டிருந்தா அழிச்சிட்டு வேற கோடு போடுவானுங்கோ எங்கப்பன் பெத்ததுங்கோ. சிலுவய எவன் அழிப்பான்?" என்று தாத்தாவின் மகள், என் அத்தை சொல்வாள்.

கிணறு நிறைந்திருக்கும்போது அந்தச் சிலுவை கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் மூச்சடக்கி முங்கிப்போய்க் காலால் தடவிப் பார்ப்போம். பாசி வழுக்கும். நடுக்கோடு குழிந்து, கட்டைவிரல் அதில் சரியாகப் பொருந்தும். தொட்டுவிட்டு மேலே வந்தால் காதுக்குள் கொய்யென்று சத்தம். படியில் பாதி இறங்கினால் மோட்டார் மேடை. அங்கே கிரீஸும் புறா எச்சமும் ஈரப் பாறையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இப்போது எங்கேயாவது மெக்கானிக் கடையைத் தாண்டும்போது பாதி வாசனை வருகிறது. மீதிப் பாதி வருவதில்லை.

கிணற்றில் பங்கு இரண்டு. திங்கள், புதன், வெள்ளி பெரியப்பாவுக்கு. செவ்வாய், வியாழன், சனி என்னைப் பெற்ற நைனாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைத் தொட மாட்டார்கள். அது ஆண்டவர் நாள். காலையில் பூசை, மத்தியானம் கறி, சாயந்திரம் தூக்கம். கிணறும் அன்றைக்குச் சும்மா கிடக்கும். பாறை இடுக்கிலிருந்து ஊறி ஊறி, திங்கட்கிழமை விடியும்போது தண்ணீர் ஒரு படி ஏறி நிற்கும்.

அத்தை நைனாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. புருஷன் செத்ததும் புருஷன் வீட்டுக்காரர்கள் துரத்திவிட, டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள். தாத்தா சாகும்போது முக்கால் காணி நிலமும் கிணற்றில் ஒரு நாளும் அவளுக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். எந்த நாள் என்று சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் கூடிப் பேசி ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்கள். தங்கள் நாளில் ஒன்றும் குறையவில்லை. ஆண்டவருடைய நாளை எடுத்து அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழம எறச்சா பாவமாச்சேடா?" என்று அத்தை கேட்டாள்.

"இஷ்டம் இருந்தா எறச்சிக்கோ, இல்லன்னா வுடு," என்றார் பெரியப்பா. "நாங்க குடுக்கலன்னு மட்டும் சொல்லாத."

அத்தை பூசையை முடித்துக்கொண்டு வந்து இறைத்தாள். முக்காட்டை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, மண்வெட்டியோடு நேரே கிணற்றுக்குப் போவாள். மடை திருப்பிவிட எனக்கு வேலை. அந்தத் தையில் அவள் மல்லாட்டை போட்டிருந்தாள், நம் பேரப்பிள்ளைகள் வேர்க்கடலை என்கிறார்களே அது. நிலத்துக் கோடியில் தனியாக ஒரு கூரை போட்டு, செம்மண் பூசி இரட்டை வாய் அடுப்பு ஒன்று அவளே கட்டியிருந்தாள். அந்த அடுப்பைத் தினமும் மெழுகுவாள். எங்கள் வீட்டு அடுப்பை அப்படி யாரும் மெழுகி நான் பார்த்ததில்லை. "மல்லாட்ட வந்துச்சின்னா இந்த அடுப்பு எரியும். வர்லன்னா உங்கூட்டு அடுப்புக்கு நான் வெறகு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. தம்பி வீட்டில் சோறு தின்னும் விதவை என்ன ஆவாள் என்று ஒன்பது வயசுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் வீடுகளில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் அந்த வருஷம் நடந்தது. மோட்டார் கரண்டுக்குக் காசு கட்ட வேண்டாம் என்று ஆகிவிட்டது. முன்பெல்லாம் தையில் கேழ்வரகோ கம்போ போட்டவர்கள் நெல் போட்டார்கள். பெரியப்பாவும் நைனாவும் போட்டி போட்டுக்கொண்டு நெல் நட்டார்கள். தண்ணீர் கட்டி நிற்கிற நெல். கோடைக்கு நெல் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பச்சையாக இருந்ததில் எல்லாருக்கும் பெருமை.

மாசியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. திங்கட்கிழமை வந்து பார்த்த பெரியப்பா, கிணறு ஏறவில்லை என்று கத்தினார். ஞாயிற்றுக்கிழமை இறைத்தால் எப்படி ஏறும்? ஆனால் அவர் சொன்ன காரணம் அது இல்லை. "ஆண்டவர் நாள்ல மோட்டார் ஓட்டுனா கெணறு வாழுமா?" இதை டீக்கடையில் சொன்னார், கோவில் வாசலில் சொன்னார். அப்புறம் ஊரே சொன்னது. பூசையில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மாகூட வீட்டில் ஒருநாள், "அண்ணி ஒரு வாரம் வுட்டுப் பாத்தா இன்னா" என்று முணுமுணுத்தாள். தவக்காலம் வேறு. ஊரில் எல்லாருக்கும் பாவம் பற்றிப் பேச நல்ல வசதி.

நைனா போய்ப் பங்குச் சாமியாரைக் கூட்டி வந்தார். கிணற்றை மந்திரிக்க வேண்டும் என்று. சாமியார் மொபெட்டில் வந்தார். வெள்ளை அங்கி சக்கரத்தில் சிக்காமல் இருக்க முட்டிவரை சுருட்டி வைத்திருந்தார். உபதேசியார் பின்னால் தீர்த்தச் செம்போடு உட்கார்ந்திருந்தார். அக்கம் பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். எல்லாரும் படியில் இறங்கி மோட்டார் மேடைவரை போனோம்.

தண்ணீர் அவ்வளவு கீழே கிடந்தது. நாங்கள் காலால் தடவிய சிலுவை காய்ந்துபோய்ப் பளிச்சென்று தெரிந்தது. அதை முழுசாகப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. சாமியாருக்கு அது என்ன சிலுவை என்று தெரியாது. பார்த்ததும் மனசு உருகிவிட்டார். "அதிசயம் பாருங்க" என்று அப்படியே முழங்காலில் நின்றார். அவர் நின்றதும் பெரியப்பா, நைனா, உபதேசியார், ஊர்க்காரர்கள் எல்லாரும் முழங்காலிட்டுக் கண்ணை மூடினார்கள்.

அத்தை மட்டும் நின்றுகொண்டிருந்தாள். செபம் முடியும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"எல்லாரும் சிலுவயப் பாத்தீங்க இல்ல? இப்ப கண்ணத் தொறந்து கொழாயப் பாருங்க."

பார்த்தோம். குழாய் சிலுவையைத் தாண்டிப் போயிருந்தது. பழைய குழாய் துருப்பிடித்த சிவப்பு. அதில் முடுக்கியிருந்த புதுத்துண்டு வெள்ளையாக மின்னியது. சிலுவைக்கு நேர் கீழே பாறையைக் குடைந்து இரும்புப் பிடி அடித்து, அதில் குழாயைக் கட்டியிருந்தார்கள்.

"யார்ரா இத எறக்குனது?" என்றாள் அத்தை.

நைனா அண்ணனைப் பார்த்தார். பெரியப்பா தம்பியைப் பார்த்தார்.

"நான் எறக்கல. தம்பிதான் செஞ்சிக்குப் போயி பைப்பு வாங்கியாந்தான்."

"வாங்கியாரச் சொன்னது யாருண்ணா? திங்கக்கெழம ஒனக்கு ஏறலன்னு நீதானே குதிச்ச?"

"ரெண்டு பேருமா சேந்து மாட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு, பாவம் என் தலையிலயா? ஏன்டா, ஒங்க நெல்லு என்னா மாடாடா?" என்று கேட்டாள் அத்தை. மேல்படியில் நின்றிருந்த ஒருத்தர் சிரித்துவிட்டார். நைனாவுக்குக் காது சிவந்தது.

சாமியார் எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டார். இது குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். வந்த வேலைக்குச் செம்பிலிருந்த தீர்த்தத்தைக் கிணற்றில் தெளிக்கப் போனார்.

"சாமி, அதயாச்சும் என் பாத்தியில ஊத்துங்க சாமி," என்றாள் அத்தை. "கெணத்துல ஊத்துனா இவனுங்கோ அதயும் எறச்சிடுவானுங்கோ."

சாமியாரே சிரித்துவிட்டார். அதுதான் நைனாவைச் சுட்டது என்று நினைக்கிறேன். ஊர் முன்னாலும் சாமியார் முன்னாலும் அவமானம். நைனா அவசரக்காரர். மேடையில் நின்றபடியே கையை உயர்த்திச் சொன்னார்:

"இன்னாக்கா, கெணறுதானே ஒனக்கு வேணும்? எடுத்துக்கோ. ஏழு நாளும் ஒனக்கே. மோட்டாரு, கொழாயி, கொட்டாயி எல்லாம் ஒனக்கே. நானும் அண்ணனும் போர் போட்டுக்கறோம். சாமி சாட்சி."

யாரும் எதிர்பார்க்கவில்லை. சாமியார் நைனாவின் தலையில் கை வைத்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பேர் சொல்லாமல், உடன்பிறந்தவளுக்குக் கிணற்றையே விட்டுக்கொடுத்த தம்பியைப் பற்றிப் பேசினார். எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அத்தைக்குப் பக்கத்தில் அன்றைக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். "ஏழு நாளாம்டி," என்று என் காதில் சொன்னாள். "ஏழு நாள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவன்?" பூசை நடுவில் சிரித்தாள்.

மேல்மலையனூர் அமாவாசை முடிந்து ரோட்டில் கூட்டம் குறைந்த பிறகுதான் போர் வண்டி வரும் என்றார்கள். அதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வயலெல்லாம் நடந்தார். எங்கும் தேங்காய் படுத்தே கிடந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் எழுந்து நின்றது. எழாமல் என்ன செய்யும்? தண்ணீர் அங்கேதானே இருக்கிறது. கிணற்றின் வடக்குப் பக்கம், சிலுவை இருக்கிற அந்தப் பாறையின் நேர் பின்னால், ஒரு கல் நட்டு மஞ்சள் தடவினார்கள். நாங்கள் வேதக்காரர்கள், ஆனாலும் மஞ்சள் தடவினோம். அத்தைதான் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தாள்.

போர் போட்ட அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம். கரகரவென்று ஒரு சத்தம், பல்லெல்லாம் கூசும். பாறை மாவாகி வெள்ளையாக மேலே பறந்தது. புளியமரம், மாடு, மனிதர் எல்லாம் விபூதி பூசினதுபோல நின்றோம். பிற்பகலில் வெள்ளை மாவு சாம்பல் நிறமாகி, சேறாகி, ஒரு உதறு உதறிக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. நாங்கள் பிள்ளைகள் அதில் குதித்தோம். அம்மா பொட்டுக்கடலையும் சர்க்கரையும் கொடுத்தாள். அத்தை அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அதை நான் மறக்க மாட்டேன். தன் கிணற்றுத் தண்ணீர்தான் தம்பி போரில் பீறிடுகிறது என்று தெரியாமல் கும்பிட்டாள்.

அதற்குள் மல்லாட்டைப் பூ உதிர்ந்து ஊசி இறங்குகிற நேரம். பூ இருந்த இடத்திலிருந்து மெல்லிய ஊசி ஒன்று இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய் கட்டும். மண் இறுகியிருந்தால் ஊசி உள்ளே போகாது, கருகிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் பாய வேண்டும். அத்தை கொட்டகைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். நான் கூடப் போனேன். மோட்டாரைப் போட்டாள். கொஞ்சம் தண்ணீர் வந்தது, அப்புறம் குழாய் இருமியது. காற்று. காற்றைத் தள்ள, குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை மோட்டாரில் ஊற்றி மறுபடி போட்டாள். மறுபடி இருமல். எங்கள் வீட்டிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்தேன். அதையும் ஊற்றினாள். கீழே எட்டிப் பார்த்தோம். சிலுவைக்குக் கீழே இரும்புப் பிடி, அதற்கும் கீழே குழாயின் நுனி, அதற்கும் கீழே ஒரு குட்டை. அதில் தவளை.

கூப்பிடு தூரத்தில் நைனாவின் போர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நெல் வயலில் தண்ணீர் வரப்பு வழிந்து ரோட்டுப் பள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது.

அத்தை அங்கே போனாள். கோபமாகப் போகவில்லை. "டேய் தம்பி, ரெண்டே தண்ணி குடுடா. ஊசி எறங்கற நேரம்."

"கெணறு?"

"கெணத்துல இல்லடா. வந்து பாரு."

நைனா வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "வெயிலுதான்க்கா இது. ரெண்டு நாள் வுடு, ஊறும்."

"அதான் ஏழு நாளும் குடுத்தாச்சே," என்றார் பெரியப்பா. "இன்னும் இன்னா கேக்கற? போர் நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்டது. அதுலயும் பங்கா?"

"பங்கு கேக்கலண்ணா. தண்ணி கேக்கறன்."

"இன்னிக்கித் தண்ணிம்ப. நாளைக்கி நாளும்ப."

போரின் முறை அன்றைக்குப் பெரியப்பாவுடையது. தன் முறை வந்தபோதும் நைனா திருப்பிவிடவில்லை. அண்ணனோடு மறுபடி மல்லுக்கட்ட அவருக்கு இஷ்டமில்லை. வீட்டில் அம்மா, "அண்ணி இங்கயே வந்துட்டா எனக்கும் ஒத்தாசதான்" என்று சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அம்மாவை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் திட்டினால் அது பொய்.

மல்லாட்டை இலை சாயந்திரம் மூடும், காலையில் விரியும். அந்தச் செடிகள் வெயில் ஏறும் முன்னே மூடிக்கொண்டன. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் அத்தை பிடுங்கினாள். நானும் போய்ப் பிடுங்கினேன். மண் கையைக் கிழித்தது. வந்த காய்களைக் காதருகே ஆட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை. எல்லாம் பொக்கு. சில செடிகளில் ஊசிகள் மண்ணைத் தொடாமல் கருகித் தொங்கின. கொடியை மாட்டுக்குப் போட்டாள். ஈஸ்டர் அன்று டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தாள். கூரையைப் பிரித்து எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் போட்டார்கள். செம்மண் அடுப்பு வெட்டவெளியில் கிடந்து, அடுத்த மழையில் கரைந்துபோனது. சாகும்வரை அத்தை எங்கள் அடுப்பில்தான் வெந்தாள். எல்லாரும் தின்ற பிறகு தின்றாள். என் கல்யாணத்துக்குப் பந்தி முழுக்க அவள்தான் சமைத்தாள். போட்டோவில் ஒன்றிலும் இல்லை.

நைனா தெரிந்தே செய்தாரா என்று எவ்வளவோ யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. தெரிந்து செய்கிறவன் ஊரைக் கூட்டிச் சாமியைச் சாட்சி வைக்க மாட்டான். கிணறு ஒரு சொத்து, போர் ஒரு சொத்து, இரண்டுக்கும் தண்ணீர் தனித்தனி என்று அவர் நிஜமாகவே நம்பினார். தண்ணீர் வரப்புக்கு மேலே ஓடினால்தான் அவருக்குக் கணக்கு. அடியில் ஓடுவது யாருடையது என்று அவர் கேட்டதில்லை. கிணறு வற்றிக் கண்முன்னே கிடந்தபோதும் கேட்கவில்லை. என்னால் மன்னிக்க முடியாதது அதுதான். அப்புறம் பக்கத்து வயல்காரர் நைனா போரைவிட ஆழமாகப் போட்டார். எங்கள் போர் காற்று பிடித்தது. நைனா தலையில் கை வைத்து, "மழ இல்ல, இன்னா பண்றது" என்றார். அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "ஏன், ஞாயித்துக்கிழம ஓட்டுனியா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அந்தக் கிணற்றைத் தூர் எடுத்தார்கள். மழைத் தண்ணீரை உள்ளே விட்டு நிலத்துக்கு ஊட்டப் போகிறார்களாம். நல்ல காரியம். பாலிதீன் பை, செத்த டயர், பாட்டில் எல்லாம் எடுத்த பிறகு சிலுவை தெரிந்தது. இன்ஜினியர் பையன் செல்போனில் போட்டோ எடுத்தான். "எங்க பாட்டன் பக்தி," என்று என் தம்பி அவனிடம் சொன்னான். சிலுவைக்குக் கீழே துருப்பிடித்த இரும்புப் பிடி இன்னும் பாறையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

நீங்களும் அங்கே நின்றிருந்தீர்கள். அப்போதுதான் நான் கேட்டேன், ஊரில் உள்ள எல்லாப் போரையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிறுத்தலாமா என்று. தண்ணீரை உள்ளே விட்டால் போதுமா, மற்ற நாளெல்லாம் உறிஞ்சினால்? ஒரு நாள் நிலம் சும்மா கிடக்கட்டும் என்றேன். "ஞாயித்துக்கிழம பூசைக்கே எவனும் வர்றதில்ல, மோட்டார நிறுத்துவானா?" என்று உங்களில் ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தீர்கள். கை தூக்கச் சொன்னேன். ஒரு கை எழவில்லை. அண்ணன் தம்பி ஒரு சண்டையில்லாமல் முறை வைத்து இறைத்தோம் என்று கூட்டத்தில் சொன்ன கையும் எழவில்லை.

நைனா போன பிறகு சண்டை போட்டு வாங்கிய என் பங்கு நிலத்தில் எனக்கும் ஒரு போர் இருக்கிறது. நேற்று முன்தினம் ஞாயிறு. அதை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். தம்பி வண்டியை நிறுத்திவிட்டு வந்தான்.

"இன்னாக்கா, கரண்டு இருக்குதே, மோட்டாரு ஏன் ஓடல?"

"நிறுத்திட்டன்."

"பைத்தியமா நீ? நீ நிறுத்துனா அந்தத் தண்ணி அடியிலயே பக்கத்துக் காணிக்குப் போவும். அவன் எறச்சிக்குவான்."

இவ்வளவு வருஷம் கழித்து எங்கள் குடும்பத்தில் ஒருத்தனுக்கு அது தெரிந்திருக்கிறது.

"போவட்டும்டா," என்றேன். "இன்னிக்கி அத்த முற."